ஒரு சிட்டிகை மக்னீஷியா

நெய்வேலி என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது பழுப்பு நிலக்கரிதானே? 1957-ம் வருஷம் மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நிலக்கரியின் முகத்தைப் பார்க்க 1961 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரை தோண்டியதெல்லாம் மேல்மண்! அந்த மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. அதைக் கழுவிப் பீங்கான் தொழிலுக்கு அனுப்பத் தனி ஆலையே வைத்தார்கள்.

களிமண்ணில் அலுமினா என்ற ஆக்ஸைடு அடங்கியிருக்கிறது. அந்த அலுமினாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் சமையலறைக்குள் ஒரு நிமிஷம் வாருங்கள்.

ஜாங்கிரிக்குப் பாகு வைக்கும்போது நாலு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விடுகிறீர்கள். ஏன்? இல்லாவிட்டால் பாகு மறுபடி சர்க்கரையாகக் கட்டிக்கொள்ளும். புளிப்பு, சர்க்கரையில் கொஞ்சத்தை உடைத்து வேறு விதச் சர்க்கரையாக்குகிறது. இந்த அந்நியச் சரக்கு, வளரும் படிகத்தின் முகப்பில் வந்து உட்கார்ந்துகொண்டு வழி மறிக்கிறது.

இனி அலுமினாவுக்கு வருவோம். பொடியை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டால் மணிகள் ஒட்டிக்கொள்ளும். மணிக்கும் மணிக்கும் நடுவே, வயலுக்கு வரப்பு மாதிரி, ஓர் எல்லை. இடுக்கிலுள்ள பொள்ளல்கள் இந்த வரப்பை ஒட்டியிருக்கும் வரைதான் சுருங்கி மறையும். உஷ்ணம் ஏற ஏறப் பெரிய மணி சின்ன மணியை விழுங்கும், வரப்பு நகர்ந்துவிடும், பொள்ளல் மணிக்குள் அகப்பட்டுக்கொள்ளும். அப்புறம் அதற்கு விமோசனம் ஏது? பாத்திரம் வெளுப்பாய், ஒளி புகாததாய் நின்றுவிடும்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்த ராபர்ட் கோபிள், நூறு பங்கு அலுமினாவில் கால் பங்கு மக்னீஷியாவைச் சேர்த்தார். அது மணியின் உள்ளே அதிகம் கரையாமல் வரப்பிலும் மேற்பரப்பிலும் போய்ச் சேர்ந்தது. வரப்பு நிதானப்பட்டது, பொள்ளல்களும் ஒழிந்தன. ஒளி ஊடுருவும் அலுமினா பிறந்தது! 1962-ல் பேடண்ட் கிடைத்தது. தெருக்களில் மஞ்சளாய் எரிந்த ஸோடியம் விளக்குகளின் உட்குழாய் இதுதான். இப்போது பல ஊர்களில் அவற்றின் இடத்தை எல்.இ.டி. பிடித்துவிட்டது. அது வேறு கதை.

பொடி நுண்ணியதாக ஆக இந்த விஷயம் இன்னும் வலுக்கிறது. ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சமாகப் பகுத்தால் வரும் அளவுள்ள துகளில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அணுக்கள் மேற்பரப்பில்தான் இருக்கும். பாதி வீடு திண்ணையானால், திண்ணையில் யார் உட்காருகிறார்கள் என்பதுதானே முக்கியம்? சேர்த்த சரக்கில் எவ்வளவு மேலே இருக்கிறது என்று அறிய, ஆராய்ச்சிக்காரர்கள் பொடியை அமிலத்தில் அலசி, அந்த நீரைச் சோதிக்கிறார்கள். அரிசி களைவது போலத்தான்.

மறுபடி நெய்வேலிக்கு வாருங்கள். நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பலும் ஆக்ஸைடுப் பொடிதான். கொதிகலனின் நெருப்பில் ஆவியாகும் ஆர்ஸெனிக், ஸெலீனியம் போன்றவை, புகை ஆறும்போது சாம்பல் துகளின் மேல் படிகின்றன. துகள் சிறுத்தால், எடைக்கு எடை இந்தப் படிவு அதிகம். கண்ணாடிபோல் இறுகிய உட்பகுதியில் இருப்பது சுலபத்தில் கரையாது. மேலே ஒட்டியிருப்பது தண்ணீர் பட்டதும் முதலில் கழன்று வரும். ஆகவே சாம்பலில் நஞ்சு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் போதாது, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும். சிமெண்டில் சேர்த்த சாம்பலில் அது பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும். திறந்த குட்டையில் கொட்டிய சாம்பலை மழையே அலசிவிடும். அந்தக் களைந்த நீர் எந்தக் கிணற்றை நோக்கிப் போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.