கைக்கேற்ற கத்தரிக்கோல்

கடந்த நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, என் ராத்தாவின் கையிலிருந்து நோன்புக் கஞ்சிக் கோப்பை நழுவி விழுந்தது. உம்மா பதறிப் போனார். "கை ஏலாது உம்மா, பெருவிரலடி சுள்ளுண்டு வலிக்குது" என்று ராத்தா அழுதார். அன்றுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அவர் அந்த வலியை மூன்று மாதமாக மறைத்து வைத்திருந்தார்.

ராத்தா கனமூலையில், எங்கள் வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டுகிறார். மணப்பெண் அலங்காரமும் செய்கிறார். பெருநாள் நெருங்கினால் இரவு பத்து மணி வரை ஓய்வில்லை. என் டியூஷன் காசு அந்தக் கத்தரிக்கோலிலிருந்துதான் வருகிறது.

வைத்தியர் ராத்தாவின் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடிக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சின்னவிரல் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். ராத்தா கத்திவிட்டார். பெருவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒடுங்கிய உறையொன்றுக்குள்ளால் செல்கின்றன. பெருவிரலை ஓயாமல் அசைத்தால் அந்த உறை தடித்து, நாண்கள் வழுக்கிச் செல்ல இடமில்லாமல் போய்விடும். 1895 இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரால் இதை 'டி கெர்வெய்ன்' நோய் என்கிறார்கள். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கும் இது வருவதுண்டு.

மருந்தும் மணிக்கட்டுப் பட்டியும் தந்த பிறகு வைத்தியர், "கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இதைத் தேடிப் படிக்க வைத்தது.

முடி வெட்டும் கத்தரிக்கோலில் இரண்டு அலகும் சமமாக அசைவதில்லை. மோதிரவிரல் நுழைந்த பக்கம் அசையாமல் நிற்கும். பெருவிரல் பக்கம் மட்டுமே திறந்து மூடும். அதாவது, நாள் முழுவதும் உழைப்பது ஒரே ஒரு விரல். ராத்தாவின் பழைய கத்தரிக்கோலில் இரண்டு வளையங்களும் ஒரே நீளத்தில், நேருக்கு நேராக இருந்தன. நீங்கள் கையை இயல்பாக மூடிப் பாருங்கள். பெருவிரல் நுனி மோதிரவிரல் நுனி வரை எட்டாது, பின்னாலேயே நிற்கும். நேர்ப்பிடியில் அதை முன்னே இழுத்துப் பிடிக்க வேண்டும். முழங்கையும் தோள் மட்டத்துக்கு உயர்ந்துவிடும்.

இதற்கு மாற்றாகச் செய்யப்பட்ட பிடிகள் மூன்று வகைப்படும். முதலாவது, பெருவிரல் பிடி மற்றதைவிடக் குட்டையாக இருக்கும் 'ஓஃப்செட்' பிடி. இதில் பெருவிரல் தன் இயல்பான இடத்திலேயே இருக்கும். இரண்டாவது, பெருவிரல் பிடி கீழ்நோக்கி நன்றாக வளைந்த 'கிரேன்' பிடி. இதில் முழங்கையைத் தாழ்த்தி வைத்தே வெட்டலாம். மூன்றாவது, பெருவிரல் வளையம் சுழலக்கூடிய 'சுவிவல்' பிடி. எந்தக் கோணத்தில் வெட்டினாலும் மணிக்கட்டு திரும்பாமல் விரல் மட்டும் திரும்பும். ஆனால் இதற்குக் கை பழகச் சில நாட்கள் வேண்டும்.

இது ஏதோ புதுமை என்று நினைத்தேன். உம்மாவின் தையல் கத்தரிக்கோலைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. அதன் பிடி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. துணி மேசையில் கிடந்தபடியே வெட்டுப்படுகிறது, மணிக்கட்டும் மடிவதில்லை. நாலு விரலுக்குப் பெரிய வளையம், பெருவிரலுக்குச் சின்னது. தையற்காரர்களின் கையை அறிந்து செய்த கருவி அது. 1967 இல் பின்லாந்தின் பிஸ்கார்ஸ் நிறுவனம் பிளாஸ்டிக் பிடிக் கத்தரிக்கோலைக் கொண்டு வந்தபோது, கையின் வடிவத்துக்கேற்ற பிடி வீட்டுக் கத்தரிக்கோலுக்கும் வந்துவிட்டது. கருவிக்கேற்ப மனிதர் வளையாமல், மனிதருக்கேற்பக் கருவியை அமைக்கும் இந்த அறிவைத்தான் பணிச்சூழலியல் என்கிறார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. வளையம் தளர்வாக இருந்தால் உள்ளே ரப்பர் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் விரல் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். பெருவிரலை முழுதாக நுழைக்காமல் நுனியை மட்டும் வைக்க வேண்டும். ஒரு பிடியைப் பிடித்து மற்றதை உயர்த்தி விட்டால், அது பாதி வழியில் நிற்க வேண்டும். அடியோடு விழுந்தால் திருகு தளர்வு, அசையாவிட்டால் இறுக்கம். இடக்கையாளருக்குப் பிடி மட்டும் மாறினால் போதாது, அலகுகளே இடம் மாறியிருக்க வேண்டும். வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் விரலின் அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும், முடி வெட்டுப்படாமல் மடியும்.

பிடி மட்டும் எல்லாவற்றையும் தீர்க்காது. மொட்டையான அலகு, எந்தப் பிடியிலும் கையைக் கெடுக்கும். கதிரையின் உயரம், நேராக நிற்பது, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் சற்று ஓய்வு, இவையும் வேண்டும்.

ராத்தாவுக்கு ஓஃப்செட் பிடி வாங்கினோம். பழையதைவிட மூன்று மடங்கு விலை. "கத்தரிக்கோலுக்கா இவ்வளவு காசு?" என்று உம்மா கேட்டார். வாப்பா மட்டும், "மீன்காரன் வலைக்குச் செலவழிக்கிறான், யாரும் கேட்கிறதில்லையே" என்றார். ஆறு வாரம் ஓய்வெடுத்த பின் ராத்தா மெல்ல வேலைக்குத் திரும்பினார். வலி முழுதாகப் போகவில்லை. மழை நாளில் இன்னும் மணிக்கட்டைத் தடவிக்கொள்வார். ஆனால் கோப்பை கைநழுவுவதில்லை.

முடி அலங்காரம் இன்று என்.வி.கியூ. சான்றிதழ் பெறக்கூடிய தொழில். நம் கல்லூரியிலிருந்தும் சிலர் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். பெற்றோரே, மகள் தொழில் பழகத் தொடங்கும்போது கட்டணத்தோடு கருவிக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். தோழியரே, கை வலித்தால் "வேலை என்றால் வலிக்கத்தான் செய்யும்" என்று மறைக்காதீர்கள். ராத்தா மறைத்த மூன்று மாதத்துக்காகத்தான் ஆறு வாரம் வீட்டிலிருந்தார்.