பூட்டு மட்டும் போதுமா?

திண்டுக்கல்லில் பூட்டுக்குப் பஞ்சமா? ஊர்ப் பெயரோடு ஒட்டிப் பிறந்த அந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால், சகோதரிகளே, நெருப்பைப் பூட்டி வைக்க முடியுமா? அதற்காகத்தான் வீட்டை இன்ஷூர் செய்கிறோம்.

"ஏஜெண்ட் எழுதிக்கொள்ளட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுதியது அவர் கையானாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகளை மொத்தமாக வாங்கி, முன்னறையில் அடுக்கி, அக்கம்பக்கத்தில் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் நாலு காசு புரள்கிறது, நல்ல காரியந்தான். ஆனால் விண்ணப்பத்திலோ "குடியிருக்க மட்டும்" என்று இருக்கிறது. ஒரு நாள் மின்சாரக் கோளாறால் தீப்பிடித்தால்? சர்வேயர் வருவார், கருகிய சேலைக் கட்டுகளைப் பார்ப்பார். வீட்டுப் பாலிசி வியாபாரச் சரக்குக்குப் பொறுப்பேற்காது. அதோடு போயிற்றா? மறைத்தீர்கள் என்று வீட்டுக்கான தொகைக்கும் வில்லங்கம் வரலாம். முன்பே சொல்லியிருந்தால் சரக்குக்குத் தனிப் பாலிசி எடுத்திருக்கலாமே!

வேறு எவற்றைச் சொல்ல வேண்டும்?

சுவரும் கூரையும் எதனால் ஆனவை? மாடியில் புதிதாகக் கீற்றுக் கொட்டகை போட்டீர்களா? ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? முன்பு நஷ்ட ஈடு வாங்கியதுண்டா? மகள் வீட்டுக்குப் போய் மாதக் கணக்கில் தங்குவீர்களா? முப்பது நாளுக்கு மேல் வீடு பூட்டிக் கிடந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்று சொல்லும் பாலிசிகள் உண்டு.

2021 ஏப்ரல் முதல் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறைக்கு வந்தது. அதிலும் நகைகள் தானாகச் சேராது. கேட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இந்த விதி நேற்று முளைத்ததல்ல. சுமத்ரா தீவிலிருந்த ஒரு கோட்டையை இன்ஷூர் செய்த வழக்கில், 1766-ல் இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு இதைத் தெளிவாக்கினார்: தனக்கு மட்டுமே தெரிந்த முக்கிய விவரத்தை மறைக்கக் கூடாது. ஆனால் கம்பெனி தானே அறிந்திருக்க வேண்டியதைக் காட்டிப் பணம் மறுக்கவும் முடியாது. அந்த வழக்கில் ஜயித்தது இன்ஷூர் செய்தவரே!

ஆகவே, விண்ணப்பத்தை வரி விடாமல் படியுங்கள், புரியாததைக் கேளுங்கள், நகல் ஒன்று வாங்கி வையுங்கள். வீட்டில் மாறுதல் வந்தால் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பாலிசி ஒரு பூட்டு என்றால், நீங்கள் சொல்லும் உண்மைதான் அதன் சாவி. சாவியைத் தொலைத்துவிட்டுப் பூட்டை நொந்து என்ன பயன்?