ஜோடி சேராமல் நிற்கும் ஒரு பிரிப்பு

ஓர் எண்ணை, ஒரே எண் இருமுறை வராதபடி எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 5-ஐ 5, 4+1, 3+2 என மூன்று விதமாகவும், 6-ஐ 6, 5+1, 4+2, 3+2+1 என நான்கு விதமாகவும் பிரிக்கலாம். இந்த எண்ணிக்கை 1, 2, 5, 7, 12, 15, 22 போன்ற எண்களுக்கு மட்டுமே ஒற்றைப்படை, மற்றவற்றுக்கு இரட்டைப்படை. சில எண்களைப் பார்த்துவிட்டு விதி என்று சொல்லலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனால் 1881-இல் கணிதவியலாளர் ஃபிராங்க்ளின் காட்டிய வழி எல்லா எண்களுக்கும் பொருந்துகிறது. ஒரு பிரிப்பின் மிகச் சிறிய எண்ணை எடுத்து, உச்சியில் அடுத்தடுத்து வரும் பெரிய எண்களுக்கு ஒவ்வொன்றாகப் பங்கிடுங்கள். அது முடியாவிட்டால், உச்சியில் அடுத்தடுத்து வரும் எண்களிலிருந்து ஒவ்வொன்று கழித்துப் புதிய சிறிய எண்ணை உருவாக்குங்கள். 5+1 என்பது 6 ஆகும். 4+2 என்பது 3+2+1 ஆகும். இப்படிப் பிரிப்புகள் ஜோடி சேர்வதால் எண்ணிக்கை இரட்டைப்படையாகிறது. ஆனால் 5-இன் பிரிப்புகளில் 3+2-இல் மட்டும் இரண்டு செயல்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அது தனித்து நிற்பதால் 5-க்கு விடை ஒற்றைப்படை. இந்த மோதல் k(3k−1)/2, k(3k+1)/2 (k = 1, 2, 3, …) வடிவ எண்களில் மட்டுமே நேரும்.

எண்கள் திரும்ப வரலாம் என்று கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் என்ன ஆகும்? சிறிய எண்களின் விடைகளிலிருந்து பெரிய எண்ணின் விடையைத் தரும், கணிதவியலாளர் ஆய்லரின் மீள்தொடர்பில் அதே எண்களே தலைகாட்டுகின்றன: 6-இலிருந்து 1, 2, 5-ஐத் தனித்தனியே கழித்தால் 5, 4, 1; 6-இன் பிரிப்புகளின் எண்ணிக்கை, 5-க்கும் 4-க்கும் உரியவற்றைக் கூட்டி, 1-க்கு உரியதைக் கழித்தால் கிடைக்கும்; 7+5−1=11. அப்படியானால் இங்கும் ஒற்றை இரட்டை எளிதில் தெரியுமே எனலாம். கணக்கிடலாம், ஆனால் இங்கே அவ்வளவு எளிய விதி எதுவும் அகப்படவில்லை. கட்டுப்பாடுதான் ஒழுங்கை வெளிக்காட்டுகிறது.