தோசைக்கல்லில் ஒரு பழங்கடல்

கடல்நீரை வாயில் வைத்தால் கரிக்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நடுக்கடலில் எடுத்த அதே லிட்டர் நீரில் இரும்பைத் தேடினால் ஒரு மைக்ரோகிராம்கூடத் தேறாது. 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் அப்படி இல்லை. லிட்டருக்குச் சில மில்லிகிராம் வரை இரும்பு அதில் கரைந்திருக்கும் என்று வேதியியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். அத்தனை இரும்பும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது? பெங்களூரிலிருந்து 200 கிலோமீட்டர் போனால், சித்ரதுர்கா குன்றுகளில் விடை கல்லாகக் கிடக்கிறது.

அங்கே மரடிஹள்ளியில் தலையணைகளை அடுக்கிவைத்ததுபோல ஒரு பாறை இருக்கிறது. தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் அது. பாகு பதம் பார்க்க வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டால், வெளிப்புறம் சட்டென்று இறுகி உருண்டு நிற்கும் அல்லவா? எரிமலைக் குழம்பு கடலுக்குள் வழிந்தாலும் அதேதான் நடக்கும். அந்தத் தலையணை வடிவமே சாட்சி: இன்று மழைக்கு ஏங்கும் இந்த மண் அன்று கடலடித் தரை.

குழம்பு இருக்கும் இடத்தில் வெந்நீர் ஊற்றுகளும் இருக்கும். கடல்நீர் தரையின் விரிசல்களில் இறங்கி, அடியிலுள்ள வெப்பத்தில் காய்ந்து, அமிலத்தன்மை பெறுகிறது. தன்னிடமிருந்த மக்னீசியத்தைப் பாறையிடம் கொடுத்துவிட்டு இரும்பு, செம்பு, துத்தநாகம் ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு மேலே பாய்கிறது. வெப்பம் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், மேலுள்ள நீரின் அழுத்தத்தால் கொதிப்பதில்லை. கடலடி வெந்நீர் ஊற்றுகளை மனிதர்கள் முதலில் நேரில் கண்டது 1977இல், கலாபகஸ் தீவுகளுக்கு அருகே. 2024 டிசம்பரில், சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் ஓர் ஊற்றைப் படம்பிடித்தன.

இன்றைய ஊற்றில் வெளிவரும் இரும்பில் பெரும்பகுதி, குளிர்ந்த கடல்நீர் பட்டதும் கந்தகத்தோடு சேர்ந்தோ துருவாகவோ படிந்துவிடுகிறது. பழங்கடலில் ஆக்சிஜனும் இல்லை, கந்தகமும் குறைவு. அதனால் இரும்பு படியாமல் நெடுந்தூரம் பரவியது. பிறகு நுண்ணுயிர்களின் வேலையால் அது துருவாக மாறி அடியில் இறங்கியது. சிலிக்காவை உடல்கூடாக்கிக்கொள்ளும் உயிரினங்கள் அன்று இல்லாததால், கடலில் நிறைந்திருந்த சிலிக்காவும் கூடவே படிந்தது. சித்ரதுர்காவிலோ சண்டூரிலோ ஒரு துண்டுக் கல்லை எடுத்துப் பாருங்கள். கருஞ்சாம்பல் பட்டை, செம்பட்டை, மீண்டும் கருஞ்சாம்பல் என்று கரைவேட்டிபோல இருக்கும். கையில் எடுத்தால் அதன் அளவுக்கு மீறிய கனம் தெரியும்.

இந்த இரும்பு ஊற்றிலிருந்துதான் வந்தது என்பதற்கு யூரோப்பியம் என்ற அரிய தனிமம் சாட்சி. ஆக்சிஜன் இல்லாத கடும் வெந்நீரில் மட்டும் அது தன் சக தனிமங்களைவிட எளிதாகக் கரையும். சித்ரதுர்கா இரும்புக்கல்லில் யூரோப்பியம் மிகுந்திருப்பதை ஹைதராபாத் புவி இயற்பியல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

கல்லை வைத்துக் கடலை ஊகிப்பது ஒரு வழி. கடல்நீரே துளியாகக் கிடைத்தால்? 2023இல் அதுவும் நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பிரகாஷ் சந்திர ஆர்யா, பேராசிரியர் சஜீவ் கிருஷ்ணன், ஜப்பானின் நிகாட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆகியோர் குமாவோன் இமயமலையின் மக்னசைட் படிகங்களுக்குள் சுமார் 60 கோடி ஆண்டுப் பழமையான கடல்நீர்த் துளிகளைக் கண்டறிந்தனர். அக்கடலில் கால்சியம் குறைவு. அந்தச் சத்துக்குறைவில் மெல்ல வளரும் ஒளிச்சேர்க்கை நுண்ணுயிர்கள் பெருகி, காற்றில் ஆக்சிஜனை உயர்த்தியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. கடலில் எது கரைந்திருந்தது என்பதைப் பொறுத்தே எது உயிர்வாழும் என்பதும் அமைந்தது.

நம் சேலத்துக் கஞ்சமலையும் இதே வகைப் பட்டை இரும்புக்கல்தான். உலகம் உருக்கும் இரும்பில் பெரும்பகுதி இத்தகைய பாறைகளிலிருந்தே வருகிறது. எனவே நாளைக் காலை அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றும்போது ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்: இருண்ட கடலடியின் வெந்நீரில் கரைந்த இரும்பு, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின், மீண்டும் சூடேறுகிறது.