கயோட்டியை அழைக்கப் போனோம்

தில்லியில் நெடுநாள் வாழ்ந்த நம்மவர்க்கு நரியின் ஊளை புதிதன்று. ரிட்ஜ் காட்டை ஒட்டிய குடியிருப்புகளில் குளிர்கால இரவுகளில் அதைக் கேட்டோர் பலர். அந்த நரியைவிடச் சற்றுப் பெரியதும், ஓநாயைவிடச் சிறியதுமான ஒரு பிராணி வட அமெரிக்காவில் உண்டு. அதற்குக் கயோட்டி என்று பெயர். மெக்ஸிகோவின் தொன்மொழிகளில் ஒன்றான நஹுவாட்டிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்த பெயர் அது. தாமஸ் ஸே என்னும் இயற்கை நூலறிஞர் 1823இல் சூட்டிய லத்தீன் பெயருக்கோ, ‘குரைக்கும் நாய்’ என்று பொருள்.

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் மகன் இல்லத்தில் நாங்கள் இருவரும் தங்கியிருந்தோம். அண்டை வீட்டார் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். “நண்பர்கள் மூவர் கயோட்டியை அழைக்கப் போகிறோம், நீங்களும் வாருங்களேன்” என்றார் அவர்.

அழைப்பதாவது யாதெனில், புதர் மறைவில் அசையாமல் அமர்ந்து, ஒரு சிறு ஊதுகுழலால் அடிபட்ட முயல் கதறுவது போல ஒலி எழுப்புவதாம். எளிய இரை கிடைத்தது என்று நம்பிக் கயோட்டி நெருங்கி வரும், வந்தால் சுடுவார்கள். அம்மாநிலத்தில் உரிமச் சீட்டு உடையோர் ஆண்டு முழுவதும் அதை வேட்டையாடலாம். பரிசுக்காகப் போட்டியிட்டுக் கொல்வதை மட்டும் 2019இல் தடை செய்துவிட்டனர்.

துப்பாக்கியைத் தொட்டும் அறியாத சைவ உணவினரான நாங்கள் தயங்கினோம். அவர் எங்களைத் தனியே அழைத்துச் சென்று, நண்பர்களுள் ஒருவர் மனைவியை இழந்து ஏழு மாதம் ஆகிறது என்றும், அதுமுதல் அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை என்றும் கூறினார். விருந்துக்கும் வரவில்லை, கோயிலுக்கும் வரவில்லை. வேட்டை என்றதும் அரைமனத்துடன் இசைந்தாராம். “உயிர்க்கொலையைக் காண நேருமோ என்று அஞ்ச வேண்டாம். இந்தப் பருவத்தில் இதுவரை எங்களுக்கு ஒன்றுகூட அகப்படவில்லை” என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் புறப்பட்டோம்.

விடியுமுன் நகரின் தெற்கே ஒரு மணி நேரப் பிரயாணம். பொழுது புலர்ந்ததும் எங்கும் மெஸ்கீட் மரங்கள். நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு அது. இலையும் முள்ளும் கண்டு, இராமநாதபுரத்துக்கே வந்துவிட்டோமோ என்று மயங்கினோம். இடையிடையே ஓங்கி நின்ற சகுவாரோக் கள்ளிகளே அயல்நாடு என்பதை நினைவூட்டின.

முதல் இடத்தில் இருபது நிமிடம் ஊதினர். காற்று திசை மாறி எங்கள் வாடையை முன்னே கொண்டு போயிற்று, ஒன்றும் வரவில்லை. இரண்டாம் இடத்தில் நான்கு பசுமாடுகள் வந்து, யார் அழுவது என்று கேட்பன போல நின்றன. துயருற்ற நண்பர் அப்போதுதான் முதன்முறையாகப் புன்னகை செய்தார். மூன்றாம் இடத்தில் எழுந்து திரும்பிப் பார்த்தால், எங்கள் முதுகுக்குப் பின்னே முப்பதடி தூரத்தில், மணலில் புதிய காலடித் தடங்கள்! காற்றின் கீழ்ப்புறமாகச் சுற்றி வந்து, மோப்பம் பிடித்து, ஐவரையும் நன்றாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

இந்தச் சூழ்ச்சித் திறனே அந்த இனத்தைக் காத்தது போலும். கால்நடைகளுக்குப் பகை என்று நஞ்சிட்டும் பொறி வைத்தும் அதை லட்சக்கணக்கில் கொன்றார்கள்; அதற்கென 1931இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமே இயற்றிற்று. விளைவோ நேர்மாறு. மேற்குச் சமவெளிகளில் வாழ்ந்த கயோட்டி இன்று ஹவாய் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் உலவுகிறது. சிகாகோ போன்ற மாநகரங்களிலும் குடியேறிவிட்டது.

நான்காம் இடத்தை அடைந்தபோது மாலைப் பொழுது. ஊதுகுழலை அந்த நண்பரிடம் நீட்டினார் ஆசிரியர். அவர் சற்றுத் தயங்கி வாங்கி ஊதினார். முயலும் வரவில்லை, கயோட்டியும் வரவில்லை. இருள் கவியும் நேரத்தில் தொலைவிலிருந்து ஓர் ஊளை எழுந்தது; மறுகணம் பத்துப் பன்னிரண்டு குரல்கள் கூடியது போல் குன்றெல்லாம் ஒலித்தது. “இரண்டுதான் இருக்கும். இரண்டு சேர்ந்தால் ஒரு கூட்டம் போலக் கேட்கும். நாற்பது ஆண்டுகளாக நானும் அவளும் எங்கள் வாசலில் அமர்ந்து இதைக் கேட்டிருக்கிறோம்” என்றார் நண்பர். பிறகு நெடுநேரம் மனைவியைப் பற்றிப் பேசினார். யாரும் குறுக்கிடவில்லை. துப்பாக்கிகள் உறையிலேயே கிடந்தன.

திரும்பும் வழியில் கணக்குப் பார்த்தோம்: நான்கு இடங்கள், பகல் முழுவதும் காத்திருப்பு, வேட்டை பூஜ்யம். இறங்கும்போது அந்த நண்பர், “அடுத்த மாதம் காப்பி என் பொறுப்பு” என்றார். ஆசிரியர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களிலும் இழப்புக்குப் பின் கதவடைத்துக் கொண்டவர் உண்டு. ஆறுதல் கூறப் போனால் அவர்கள் மேலும் ஒதுங்குவதே சகஜம். “சந்தைக்குப் போகிறோம், துணைக்கு வாருங்கள்”, “சீட்டாட ஓர் ஆள் குறைகிறது” என்று கூப்பிட்டுப் பார்க்கலாம். முதல் முறை வராவிட்டால் இடத்தை மாற்றி, மறுபடியும் கூப்பிட வேண்டியதுதான்.