முத்துச் சல்லடையும் மனிதச் சல்லடையும்!

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நாட்களில், சிப்பியிலிருந்து எடுத்த முத்துக்களைப் பல அளவுத் துளைகளிட்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். பெருமுத்து மேலே தங்கும். சிறுமுத்து கீழே விழும். தங்கியது செல்வர் கழுத்துக்கு. விழுந்தது மலிவு விலைக்கு! 1961இல் தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு முடிந்தது. சல்லடைக்கும் ஓய்வு வந்தது என்று எண்ணினோம். ஓயவில்லை, தோழர்களே! இன்று அது மனிதனைச் சலிக்கிறது!

கைப்பேசியைத் திறந்தால் விளம்பரம். சோப்பு வருகிறது, சேலை வருகிறது, 'ஆட்கள் தேவை' என்ற அறிவிப்பும் வருகிறது. எல்லோருக்கும் ஒரே விளம்பரமா? இல்லை! விளம்பரம் தருபவர் வேண்டியவரைப் பொறுக்கலாம், வேண்டாதவரை விலக்கலாம். இத்தனை வயதுக்கு மேற்பட்டோர் வேண்டாம், இந்தப் பகுதியில் வாழ்வோர் வேண்டாம் என்று குறித்தால் போதும். தொலைபேசி எண்களின் பட்டியலைக் கொடுத்து, 'இவர்களை நீக்கு' என்றும் கட்டளையிடலாம். மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். யார் விளம்பரத்தைத் தொடுவார், யார் தொடமாட்டார் என்று கணக்கிட்டு, அதுவே சிலரை ஒதுக்கியும் வைக்கும்.

வணிகர் காசை மிச்சப்படுத்துவதை நாம் குறை கூறவில்லை. நேற்று வலை வாங்கியவருக்கு இன்றும் வலை விளம்பரம் எதற்கு? சோப்பு விளம்பரம் வராததால் நாம் அழுக்காகிவிடப் போவதில்லை. ஆனால் வேலை அறிவிப்பு வராவிட்டால்? வாடகை வீட்டின் அறிவிப்பு வராவிட்டால்? உப்பளத்தில் கால் வெந்து உழைப்பவரின் மகனுக்கும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகளுக்கும் வரவேண்டிய செய்தி வழியிலேயே வடிகட்டப்பட்டால்?

கற்பனை என்பீர்களா? அமெரிக்காவைப் பாருங்கள்! ஃபேஸ்புக்கில் வீட்டு விளம்பரம் தருவோர் கறுப்பின மக்களைக் கழித்துக்கட்ட வழியிருந்ததை 2016இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. வேலை விளம்பரங்கள் வயதானவர் கண்ணில் படாமல் மறைக்கப்படுவதை எதிர்த்து 2017இல் வழக்குமன்றம் ஏறியது யார்? தகவல் தொடர்புத் தொழிலாளர் சங்கம்! பாட்டாளியின் சங்கம்! 2019இல் உடன்பாடு வந்தது. வேலை, வீடு, கடன் விளம்பரங்களில் வயது, பால், அஞ்சல் எண் பார்த்து ஆளை விலக்குவதில்லை என்று அந்த நிறுவனம் அந்நாட்டில் ஒப்புக்கொண்டது. இயந்திரம் தானே காட்டும் பாகுபாட்டைத் திருத்தவும், வீட்டு விளம்பர வழக்கில் 1,15,054 டாலர் தண்டம் கட்டவும் 2022இல் இசைந்தது.

அங்கே நிறம், இங்கே? சாதி என்றொரு கட்டம் அந்தப் படிவத்தில் தேவையே இல்லை. நம் ஊர்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகாதா? பகுதியை விலக்கினால் மக்களை விலக்கியதாகாதா?

தாமிரபரணிக் கரையிலே சேரன்மாதேவி. அங்கே 1920களில் நடந்த குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி. மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி. கொடுமைதான்! ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்த கொடுமை. தெரிந்ததால் பெரியார் கேட்டார், வரதராசுலு நாயுடு கேட்டார், தமிழகமே கேட்டது. இன்றைய விலக்கலோ பலகை தொங்கவிடாத விலக்கல்! விலக்கப்பட்டவருக்கே தாம் விலக்கப்பட்டது தெரியாது. தெரியாத அநீதியை எதிர்த்து யார் கொடி பிடிப்பது? எந்தக் கதவைத் தட்டுவது?

ஆகவே முதற்கோரிக்கை, வெளிச்சம்! ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் டிஜிட்டல் சேவைச் சட்டம் இயற்றியது. மிகப் பெரிய இணையத்தளங்கள் தம் விளம்பரங்களை யாவரும் காணும் பதிவேட்டில் வைக்கவேண்டும். எந்தப் பிரிவினரை விலக்க எந்த அளவுகோல் கொண்டனர் என்பதையும் அதிலே காட்டவேண்டும். ஐரோப்பியருக்கு உள்ள இந்த உரிமை தூத்துக்குடிக்காரனுக்கு ஏன் கூடாது?

இரண்டாவது, காலியிடம் களவாக நிரப்பப்படக் கூடாது. 25 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் தனியார் நிறுவனமும் காலியிடங்களை வேலைவாய்ப்பகத்துக்கு அறிவிக்கவேண்டும் என்றது 1959ஆம் ஆண்டுச் சட்டம். 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் காலியிடம் அறிவிக்கும் கடமை இருக்கிறது. ஏட்டில் இருப்பது நாட்டில் நடக்கட்டும்! கைப்பேசியில் ஒருவருக்குக் காட்டும் வேலையை ஊரறியப் பலகையிலும் ஒட்டட்டும்!

மூன்றாவது நம் கையில் உள்ளது. ஒரு தோழரின் கைப்பேசிக்கு வந்த வேலைச் செய்தி, படிப்பகத்தின் பலகைக்கு வரட்டும். சங்க அலுவலகத்தில் உரக்கப் படிக்கப்படட்டும். இயந்திரம் பிரித்து வைத்ததை நாம் சேர்த்து வைப்போம்.

முத்தைச் சலிக்கலாம், அது வாய் பேசாது. மனிதனைச் சலித்தால் அவன் கேட்பான்: சல்லடை யார் கையில்? துளையின் அளவை வகுத்தவர் யார்? அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை நாம் விடப்போவதில்லை!