பெட்டியில் ஒட்டிய சீட்டும் வலையில் ஓடும் தகவலும்

நமது விமான் நகரை ஒட்டியே புனே விமான நிலையம் இருக்கிறது. சென்னைக்குப் புறப்படும் அன்பர்கள் அங்கே பெட்டியை ஒப்படைத்ததும், எம்.ஏ.ஏ. என்ற சென்னையின் மூன்றெழுத்துக் குறியுடன் ஒரு சீட்டை அதில் மாட்டி விடுகிறார்கள். அதன்பின் பெட்டியைத் தூக்குபவர் நாம் மயிலாப்பூருக்குப் போகிறோமா, மாம்பலத்துக்கா என்று கேட்பதில்லை. சீட்டைப் பார்க்கிறார், ஏற்றுகிறார்.

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வலைகளில் இதே வேலையைச் செய்யும் முறைக்கு எம்.பி.எல்.எஸ். என்று பெயர்.

இணையத்தில் தகவல் சிறுசிறு பொட்டலங்களாகச் செல்கிறது. சாதாரண முறையில், வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் முழு முகவரியைப் படித்து, நீண்ட பட்டியலில் தேடி, அடுத்த வழியை முடிவு செய்ய வேண்டும். எம்.பி.எல்.எஸ். முறையிலோ நுழைவாயில் ரூட்டர் ஒருமுறை முகவரியைப் பார்த்து ஓர் எண்சீட்டை ஒட்டுகிறது. உள்ளே இருப்பவை அந்த எண்ணை மட்டும் பார்க்கின்றன. விமானப் பெட்டியின் சீட்டு கடைசிவரை மாறாது. இங்கே ஒவ்வொரு ரூட்டரும் பழைய எண்ணை நீக்கி, அடுத்த ரூட்டருக்குப் புரியும் புது எண்ணை இடுகிறது. எண்ணுக்கு 20 பிட்டுகள். மற்ற விவரங்களையும் சேர்த்துச் சீட்டின் அளவு 32 பிட்டுகள், அதாவது நான்கே பைட்டுகள்.

1996-ஆம் ஆண்டையொட்டிச் சில நிறுவனங்கள் தனித்தனியே இத்தகைய முறைகளைக் கொண்டுவந்தன. 2001 ஜனவரியில் பொது வரையறை வெளியானது. அதை எழுதிய மூவரில் அருண் விஸ்வநாதனும் ஒருவர்.

வேகத்துக்காகப் பிறந்த முறை இது. பின்னர் முகவரியைத் தேடும் சில்லுகளே மிக வேகமாகிவிட்டன. ஆயினும் சீட்டு நிலைத்துவிட்டது. ஒரே கேபிளில் இரு வங்கிகளின் தகவல் சென்றாலும், வாடிக்கையாளருக்கென இரண்டாவது சீட்டு ஒட்டி அவற்றைப் பிரிக்கலாம். எங்கோ சாலை தோண்டுகையில் கேபிள் அறுந்தால், முன்பே வகுத்து வைத்த மாற்றுப் பாதையில் கண்ணிமைக்கும் நேரத்தில் திருப்பிவிடலாம். பி.எஸ்.என்.எல். உள்ளிட்ட நிறுவனங்கள் கிளை அலுவலகங்களை இணைக்க இச்சேவையை விற்கின்றன.

இங்கேதான் கவனம் தேவை. 'தனி வலை' என்ற சொல்லைக் கேட்டுப் பலர் தகவல் பூட்டப்பட்டிருப்பதாக எண்ணுகிறார்கள். சீட்டு என்பது பூட்டு அல்ல. அது யாருடைய பெட்டி என்று பிரித்துக் காட்டும். உள்ளே இருப்பதை மறைக்காது. சங்கேதமாக மாற்றி அனுப்புவது தனி ஏற்பாடு.

ஆகவே, தொழில் நடத்தும் அன்பர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். தகவலைச் சங்கேதமாக்கும் பொறுப்பு யாருடையது? நம் கட்டிடத்துக்கு வரும் கடைசிக் கேபிள் அறுந்தால் மாற்று வழி உண்டா? நிறுவனத்தின் வலைக்குள் எத்தனை மாற்றுப் பாதைகள் இருந்தாலும், வாசலில் ஒரே கேபிள் என்றால் அவை நமக்கு உதவா.